மீனுக்குப் பதினஞ்சி நாள் கேரண்டி

எங்க வூட்டுக்காரு பேரு ஏசுராஜ். வயசு நாப்பத்தி நாலு. பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டுல ரெண்டாவது மாடில கீறோம். தொழில் இன்னான்னா, அடுத்தவங்க வூட்டு மீன் தொட்டியக் கழுவறது. இப்பிடி நான் சொன்னா அவருக்குக் கோவம் வரும். அக்வேரியம் மெயின்டனன்ஸுன்னு சொல்லணுமாம். சரி, மெயின்டனன்ஸு. காலைல ஆறரைக்கு டிவிஎஸ்ஸுல ரெண்டு பக்கெட்டு, ஓஸ் பைப்பு, ஸ்பாஞ்சு, கல்லுப்பு அல்லாத்தையும் கட்டிக்கினு கெளம்புவாரு. மயிலாப்பூரு, தி.நகரு, அடையாறு, அசோக் நகருன்னு சுத்திட்டு சாயங்காலம் வரும்போது ரெண்டு கையும் ஊறிப் போயி வெரலு நுனியெல்லாம் சுருங்கிக் கெடக்கும். அந்தக் கையோட சோத்துல குந்துவாரு. பாக்கவே எனக்கு எரிச்சலா வரும்.

அவங்க அம்மா தேசம்மா, அதாவது எங்க மாமியா, நாப்பது வருசமா லூப் ரோட்டுல மீன் விக்கிறாங்க. மாமனாரு லூர்துசாமி கடலுக்குப் போனவரு. நான் பொறந்ததும் மீன்கார வூடுதான். எங்க ரெண்டு குடும்பத்துலயும் மீனு செத்தாதான் அடுப்பு எரியும். இவரு ஒருத்தருக்கு மட்டும் மீனு செத்தா நஷ்டம். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வரும்போதெல்லாம் எங்க மாமியா அவரை நிறுத்தி, இந்த வாரம் எத்தினி உசுரக் காப்பாத்துனன்னு கேப்பாங்க. சுத்தி நிக்கிற அல்லாரும் சிரிப்பாங்க, இவரும் சேந்து சிரிப்பாரு. எனக்குத்தான் மானம் போவும்.

கேரண்டின்னு ஒரு வார்த்த அவரு வாயில ஒட்டிக்கினு கீது. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ எங்கம்மா குடிப்பியாப்பான்னு கேட்டாங்க. கேரண்டியா குடிக்க மாட்டேன் அத்தைன்னாரு. அந்த ஒண்ண மட்டும் காப்பாத்துனாரு, இல்லன்னு சொல்லக் கூடாது. ஆனா அதே வாயால, மழை வராது கேரண்டி, ரேசன் கடை தொறந்திருக்கும் கேரண்டி, பிளக்கப் புடுங்காம தொட்டில கைய வெச்சாலும் ஷாக்கு அடிக்காது கேரண்டின்னு தெனமும் எதையாவது வுட்டுக்கினே இருப்பாரு. தொட்டிக்குள்ள ஹீட்டரு, மோட்டாரு, லைட்டு எல்லாம் கரண்டுலதான் ஓடுது. மொதல்ல பிளக்கப் புடுங்குயா, அப்பால கைய வெய்யின்னு பதினேழு வருசமா கத்திக்கினு கீறேன். கேட்டாத்தானே.

தொழில்லயும் அதே கததான். மீனு கடையத் தாண்டுனா நாங்க பொறுப்பில்லன்னு ஊருல இருக்குற அத்தினி பேரும் சொல்லுவாங்க. இவரு மட்டும் பதினஞ்சி நாள் உயிருக்கு கேரண்டின்னு ஆரம்பிச்சாரு. அதுக்கு ஒரு காரணமும் வெச்சிருந்தாரு. புது மீனு புதுத் தண்ணிக்கு வந்தா பத்துப் பன்னண்டு நாளுக்குள்ள ஒரு வாட்டி சோந்து படுக்கும். மேலெல்லாம் ரவையத் தூவின மாதிரி வெள்ளப் புள்ளி வரும். அன்னிக்கே சொன்னா உப்பு போட்டு, ஹீட்டர ஏத்தி, ரெண்டு மூணு நாள்ல எழுப்பி வுட்டுடுவாரு. அத மட்டும் தாண்டிடுச்சின்னா அப்பால வருசக் கணக்கா ஓடும். அதனால பயமில்ல, தைரியமா குடுக்கலாம்னாரு.

மனுசங்களப் பத்தித் தெரியாத ஆளு. சரி, குடுக்கறதுதான் குடுக்கற, நான் சொல்ற கண்டிசனப் போட்டுக் குடுன்னு குந்தி எழுதுனேன். பிளஸ் டூ படிச்சது இதுக்காவது ஒதவட்டும். ராயப்பேட்டைல ஒரு பிரஸ்ஸுல மஞ்ச கார்டா அடிச்சி வாங்குனோம். ஒண்ணு, மீன் சோர்ந்தால் உடனே போன் செய்ய வேண்டும். ரெண்டு, வேற எந்தத் தீனியும் மருந்தும் போடக் கூடாது. மூணு, மீன் இறந்தால் தூக்கி எறியாமல் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைக்க வேண்டும்.

மூணாவது எதுக்குன்னா, கொளத்தூருல மெஹபூப் அலி பாய்னு ஒருத்தரு. மொத்தமா மீன் குடுக்கறவரு. செத்த மீன எடுத்துக்கினு போயி காட்டுனா, செவுளப் பிரிச்சிப் பாத்துட்டு வேற மீன் குடுப்பாரு. குடுத்ததும் செத்ததோட வால ஒரு வெட்டு வெட்டிடுவாரு, அதே மீன மறுபடி கொண்டாந்து காட்டக் கூடாதுன்னு. அவ்ளோ உஷாரான ஆளு. அவரு கை குடுக்கறதாலதான் எங்க கார்டு ஓடுது. பாய் கை வுட்டா கார்டு வெறும் அட்ட. கார்டு போச்சின்னா இவரும் ஊருல சுத்துற நூறு ஓஸ் பைப்புக்காரங்கள்ல ஒருத்தரு.

கேரண்டி போனு வர்றது எங்கிட்ட. அத எடுத்து எடுத்தே எனக்கு பிரஷரு வந்துச்சி. அடையாறுல ஒரு வூட்டுல கொழந்தைக்குப் பொறந்த நாளுன்னு மீனுக்கும் கேக்கு ஊட்டி வுட்டுட்டு, தண்ணி ஏன் பாலா மாறிச்சின்னு கேக்குறாங்க. அசோக் நகருல ஒரு பல்லு டாக்டரு, செத்த மீன ஃப்ரீசர்ல வெக்கச் சொன்னா நாலு நாளு மேசை மேல வெச்சிட்டு, வந்து எடுத்துக்கினு போம்மா, பேசன்டெல்லாம் எழுந்து ஓடுறாங்கன்னு என்னைத் திட்டுறாரு. தி.நகருல ஒருத்தரு, மாத்திக் குடுத்த மீனுக்குப் பழைய மீனோட மொகம் இல்லன்னு திருப்பி அனுப்புனாரு. மீனுக்கு இன்னா மொகம், ஆதார் கார்டா எடுக்கப் போவுது? இப்பிடி அல்லாரையும் சமாளிச்சேன். மயிலாப்பூரு வேம்பு மாமிகிட்டதான் மாட்டிக்கினேன்.

வேம்பு மாமி வூடு குளத்துக்குப் பின்னால ஒரு பழைய ஃபிளாட்டு, மொத மாடி. அவங்க வூட்டுக்காரு பத்ரிநாராயணன் சாரு, ஸ்கூல்ல கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அவருக்கு நெஞ்சு ரொம்ப வீக்கு. முப்பது பர்சென்டுதான் வேல செய்யுதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்களாம். ரெண்டு பேரும் தனியா கீறாங்க. யாரோ சொன்னாங்கன்னு மாமி ஒரு ஃப்ளவர்ஹார்ன் மீனு கேட்டாங்க. செவப்பா இருக்கும், நெத்தியில எலுமிச்சம்பழம் சைசுக்கு ஒரு புடைப்பு. ஒரே மீனு நாலாயிரம் ரூபா. வாஸ்து மீனுன்னு சொல்லித்தான் அத விக்கிறது. வூட்டுக்கு வர்ற கெட்டத அது வாங்கிக்கினு அது செத்துடும், வூட்டுல இருக்குறவங்க தப்பிச்சிக்குவாங்கன்னு ஒரு பேச்சு. என்னைக் கேட்டா இது எவனோ கடைக்காரன் கெளப்பி வுட்டது. மீனு செத்தா சண்டைக்கு வராம, கும்புட்டுட்டு இன்னொண்ணு வாங்கிக்கினு போவாங்க இல்ல, அதுக்குத்தான்.

மொத மீனு பதினோராவது நாளு போச்சி. மாமிதான் போன் பண்ணாங்க, மீன் போயிடுத்தும்மான்னு. மத்தவங்களா இருந்தா எடுத்த எடுப்புல கத்துவாங்க. இந்தக் குரல்ல ஒரு நிம்மதி இருந்துச்சி. அப்ப எனக்கு அது ஒறைக்கல. சோந்து படுத்தப்போ ஏன் சொல்லலன்னு கேட்டேன், நான் பாக்கலையேன்னாங்க. சரி, ஃப்ரீசர்ல வெச்சீங்களான்னேன். ஆத்துல பெருமாளுக்குப் பால் வெச்சிருக்கற ஃப்ரிட்ஜு, அதுல மீனை வைப்பாளான்னு என்னையே கேட்டாங்க. வாட்ச்மேனை வுட்டுக் கீழ பவழமல்லி மரத்தடில பொதைச்சிட்டாங்களாம். நான் கண்டிசன் நம்பர் மூணப் படிச்சிக் காட்டுறேன், அந்தப் பக்கம் மாமி பொறுமையா கேட்டுக்கினு, அதுக்கென்னம்மா பண்றதுன்றாங்க.

ஒடம்பு இல்லாம பாய்கிட்ட போவ முடியாதுன்னு இவரு கைக்காசு போட்டு ரெண்டாவது மீனு வாங்கிக் குடுத்தாரு. அது ஒம்போதாவது நாளு. மூணாவதும் கைக்காசுதான், அது பதிமூணாவது நாளு. அல்லாமே பவழமல்லி மரத்தடி. அந்த மரம் இன்னேரம் ஊருக்கே பூ குடுத்திருக்கணும். மூணாவது மீனு செத்ததும் இவரு கொளத்தூருக்குப் போயி, மீனு செத்தது நெசந்தான் பாய், என் வார்த்தைய நம்புங்கன்னு நின்னிருக்காரு. பாய் நாலாவது மீனக் குடுத்துட்டு ஒண்ணு சொல்லி அனுப்புனாரு. இந்த மீனும் ஒடம்பு இல்லாம போச்சின்னா, நீ வெளிய வித்துட்டு இங்க வந்து செத்துச்சின்னு சொல்றன்னு நான் முடிவு பண்ணிடுவேன், அப்பால உன் கார்டுக்கு எங்கிட்டருந்து ஒரு பத்து ரூபா கப்பி மீனு கூட வராதுன்னு.

எனக்கு வந்துச்சி பாரு கோவம். இருவத்தி ரெண்டு வருசமா இந்தத் தொழில்ல பொய் பேசாத மனுசன், இந்த வேம்பு மாமியால திருட்டுப் பட்டம் வாங்கப் போறாரு. யோவ், அங்க இன்னா நடக்குதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதான்னு கேட்டேன். தொட்டியத் தொடைக்கிற துணியப் பிழிஞ்சிக்கினே, சாருக்கு ஒடம்பு சரியில்ல ரோஸி, வுடுன்னாரு. சாருக்கு ஒடம்பு சரியில்லாததுக்கும் மீனு சாவறதுக்கும் இன்னா சம்பந்தம்னேன். பக்கெட்ட எடுத்துக்கினு வெளிய போயிட்டாரு. அவரு வாய மூடிக்கினா ஏதோ கீதுன்னு அர்த்தம்.

நாலாவது மீனு அவங்க வூட்டுக்குப் போன பத்தாவது நாளு, அவருகிட்ட சொல்லாம ஷேர் ஆட்டோ புடிச்சி மயிலாப்பூருக்குப் போனேன். பையில ஒரு கிலோ கல்லுப்பு எடுத்துக்கினேன்.

மாமி கதவத் தொறந்தாங்க. நெத்தியில சின்னதா குங்குமக் கோடு, மூக்குல ரெண்டு பக்கமும் வைரம், ஆளு ஒல்லி. என்னை ஃபோன்லதான் தெரியும். ஏசுராஜோட வொய்ஃபுன்னதும் உள்ள கூப்புட்டாங்க. ஹாலுல தொட்டி. தொட்டிக்கு எதுர ஒரு ஸ்டூலு, ஸ்டூலு மேல மூக்குக் கண்ணாடியும் ஒரு ஸ்லோகப் புஸ்தகமும். தொட்டில மீனு ஒருச்சாச்சி அடியில கெடக்குது. மேலெல்லாம் வெள்ளப் புள்ளி. செவுளு மட்டும் வேகவேகமா அடிச்சிக்குது. நான் மீன்காரி வூட்டுப் பொண்ணு, பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. இது நேத்தோ முந்தாநாளோ படுத்த மீனு. அப்பிடின்னா மாமி பாக்காம இல்ல. எதுர ஸ்டூலு போட்டுக் குந்திப் பாத்துக்கினே இருந்திருக்காங்க.

நான் குரல ஏத்தல, உள்ள சாரு படுத்திருக்காருன்னு தெரியும். ஆனா கேக்க வேண்டியத அல்லாம் கேட்டேன். கார்டுல மொத வரி இன்னா எழுதிக் குடுத்தோம், எங்க வூட்டுக்காருக்கு உங்களால இன்னா பேரு வரப் போவுது தெரியுமான்னு கேட்டேன். மாமி தல குனிஞ்சிக்கினு கேட்டுக்கினு இருந்தாங்க. அப்பால மெதுவா பேசுனாங்க.

"முந்தாநேத்து அவருக்கு மூச்சு முட்டித்து. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடலாமான்னு நெனைச்சுண்டிருந்தேன். விடிஞ்சு பாத்தா மீன் படுத்துண்டுடுத்து. இவர் எழுந்துண்டு காபி கேட்டார்."

நான் பையிலருந்த உப்ப எடுத்தேன்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் ஆறது ரோஸி. அது எடுத்துக்கறது. இப்ப நீ மருந்து போட்டு அதைக் கொணப்படுத்திட்டேன்னு வெச்சுக்கோ, அது வாங்கிண்டது எங்க போகும்?"

எனக்கு நெசமாவே தல சுத்துச்சி. எங்க போவும்? பஸ்ஸு ஏறி அடையாறுக்குப் போவும், இல்ல டிரெயின் புடிச்சி தாம்பரத்துக்குப் போவும், எனக்கு இன்னா தெரியும். படிச்சவங்க, கணக்கு வாத்தியாரு பொண்டாட்டி, இப்பிடிப் பேசுனா நான் யாருகிட்ட போயி முட்டிக்கறது? நாலு மீனு! ஒண்ணு செத்தா இன்னொண்ணு ஓசில வருது, கேரண்டி கீது இல்ல. எங்க மஞ்ச கார்ட வெச்சிக்கினு அவங்க எமன்கிட்ட பேரம் பேசிக்கினு இருந்திருக்காங்க.

அந்நேரம் உள்ளருந்து சாரு குரல் குடுத்தாரு, யாரு வேம்புன்னு. நான் ரூம் வாசல்ல போயி நின்னேன். ரெண்டு தலகாணி வெச்சி சாஞ்சிருந்தாரு. காலு ரெண்டும் வீங்கி இருந்துச்சி. யாருன்னு சொன்னதும் சிரிச்சாரு. மீன் பொழைச்சுடுமாம்மான்னு கேட்டாரு. பொழைச்சிடும் சாருன்னேன். நல்லது, ஒவ்வொண்ணாப் போறது, பாவமா இருக்குன்னாரு. அவ்ளோதான் பேசுனாரு. அவருக்கு மாமி போடுற கணக்கு தெரியாதுன்னு அப்பதான் புரிஞ்சிச்சி.

ஹாலுக்கு வந்தேன். மாமிய ஒரு வார்த்த கேக்காம உப்ப அளந்து தண்ணில போட்டேன். ஹீட்டர முப்பதுல வெச்சேன். லைட்ட அணைச்சி தொட்டி மேல ஒரு துணியப் போட்டு மூடுனேன். மாமி ஸ்டூலு மேல குந்திக்கினு, மடியில கை ரெண்டையும் வெச்சிக்கினு என் கையவே பாத்துக்கினு இருந்தாங்க. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.

மறுநாளும் போனேன், அதுக்கு அடுத்த நாளும் போனேன். மூணாவது நாளு மீனு எழுந்து, நான் போட்ட தீனிய லபக்குன்னு முழுங்குச்சி. மாமி பின்னால வந்து நின்னு, சரியாயிடுத்தான்னு கேட்டாங்க. சரியாயிடுச்சி மாமி, கேரண்டின்னேன். அந்த வார்த்த என் வாயிலயே வந்துடுச்சி. காபி போட்டுக் குடுத்தாங்க. கோவத்துல நான் வாங்கல, நேரமாவுதுன்னு கெளம்பிட்டேன். இப்ப நெனைச்சா, வாங்கிக் குடிச்சிருக்கலாம்.

அன்னிக்கு வூட்டுல இவருகிட்ட நடந்தத அல்லாம் சொன்னேன். ரெண்டாவது மீனுலயே எனக்குத் தெரியும்னாரு. தெரிஞ்சிமா கைக்காசு போட்டு வாங்கிக் குடுத்தன்னு கேட்டா, ஒரு மீனுதானே ரோஸின்றாரு. ஒரு மீனா? ரெண்டு மீனுயா, எட்டாயிரம் ரூபான்னு நான் கத்துறேன். அந்தம்மாகிட்ட வேற இன்னா கீது சொல்லுன்னாரு. இந்த ஆளோட குடும்பம் நடத்துறதுக்கு நான் அந்த ஃப்ளவர்ஹார்னாவே பொறந்திருக்கலாம், மூணு வேள தீனியாவது வந்திருக்கும்.

பதினஞ்சாவது நாளு தாண்டுச்சி. மீனு ஜோரா கீதுன்னு போட்டோ எடுத்து நானே பாய்க்கு அனுப்புனேன். மாஷா அல்லான்னு பதில் வந்துச்சி. எங்க கார்டு தப்பிச்சிது, இவரு பேரும் தப்பிச்சிது. அன்னிக்கு சாயங்காலம் பிரியாணி வாங்கிக்கினு வந்து மாமியாவுக்கும் குடுத்து அனுப்புனேன். இருவது நாளு. இருவத்தஞ்சி நாளு. மீனு தெனமும் பெருத்துச்சி.

இருவத்தி ஏழாவது நாளு இவரு தொட்டி கழுவ மயிலாப்பூருக்குப் போனாரு. மாடிப்படி முழுக்க செருப்பா கெடந்துச்சாம். பத்ரிநாராயணன் சாரு அன்னிக்கு விடிகாலைல தூக்கத்துலயே போயிட்டாரு. இவரு எடுத்துக்கினு போன ரெண்டு பக்கெட்டோட அப்பிடியே திரும்பி வந்து, எங்க பிளாக்கு படியிலயே குந்திட்டாரு. மேல ஏறி வர அர மணி நேரம் ஆச்சி.

எனக்குத் தெரியும். முப்பது பர்சென்டு நெஞ்சு எத்தினி நாளு ஓடும்? மீனு இன்னா டாக்டரா, மாத்திரயா? நான் செஞ்சது ஒரு தப்பும் இல்ல. சீக்கு வந்த மீனுக்கு உப்பு போட்டேன், அவ்ளோதான். இத எனக்கு நானே எத்தினி வாட்டி சொல்லிக்கினேன்னு அந்த மாதாவுக்குத்தான் தெரியும். பாவசங்கீர்த்தனத்துல சொல்லலாமான்னு கூட யோசிச்சேன். ஃபாதரு சிரிச்சிடுவாருன்னு வுட்டுட்டேன்.

காரியமெல்லாம் முடிஞ்சி ரெண்டு நாளு கழிச்சி மாமி போன் பண்ணாங்க. குரல்ல கோவமே இல்ல. அதுதான் தாங்கல.

"ரோஸி, மீன் நன்னா இருக்கு. ஏசுராஜை வந்து எடுத்துண்டு போயிடச் சொல்லு."

"நல்லா கீற மீன ஏன் மாமி?"

"நன்னா இருக்கே. அதனாலதான்."

மீனு எங்க வூட்டுக்கு வந்துச்சி. டிவி பக்கத்துல, மாதா படத்துக்குக் கீழ ஒரு ரெண்டடித் தொட்டியப் போட்டு வுட்டோம். எனக்கு அதப் பாத்தாலே எரிச்சல். வெரல நீட்டுனா கூடவே வருது. நான் எந்தப் பக்கம் நடந்தாலும் கண்ணு என் மேலயே கீது. தின்னு தின்னு நெத்தி ஆரஞ்சுப் பழம் ஆயிடுச்சி. எங்க மாமியா வந்து பாத்துட்டு, இத்த கொழம்பு வெச்சா நாலு பேரு தின்னலாம்னாங்க. இவரு ராத்திரி சாப்புட்டுட்டு அது எதுர குந்திக்கினு அன்னிக்கு எந்த வூட்டுல இன்னா நடந்துச்சின்னு அதுகிட்ட சொல்லிக்கினு இருப்பாரு. எங்கிட்ட சொல்றது கெடையாது.

ஏழு மாசம் ஆச்சி. ஐப்பசி மழை புடிச்சிக்கினு நாலஞ்சி நாளா வெயிலே இல்ல. ஒரு செவ்வாக்கெழம காலைல மீனு தீனி எடுக்கல. சாயங்காலம் இவரு வந்ததும் சொல்லணும்னு நெனைச்சிக்கினு துணி தொவைக்கப் போயிட்டேன். பதினொரு மணிக்கு போனு வந்துச்சி. நந்தனத்துல ஒரு ஆபீஸு, அங்க பெரிய தொட்டி ஒண்ணு இவரு பாத்துக்கறாரு. அந்த ஆபீஸு வாட்ச்மேன் பேசுனாரு. தொட்டில கைய வுட்டப்போ ஷாக்கு அடிச்சிடுச்சி, தூக்கி எறிஞ்சிடுச்சி, ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்காங்க, நெனவு கீது, ஆனா நெஞ்சுத் துடிப்பு சரியில்லன்னு படம் எடுக்குறாங்க, சீக்கிரம் வாங்கன்னாரு.

நைட்டி மேலயே பொடவையச் சுத்திக்கினேன். ஆதார் கார்டு, பர்சு, சாவி. கதவுகிட்ட போயிட்டுத் திரும்பிப் பாத்தேன். மீனு ஒருச்சாச்சி அடியில கெடக்குது. மேலெல்லாம் ரவை தூவின மாதிரி. செவுளு மட்டும் அடிச்சிக்குது.

உப்புப் பொட்டலம் தொட்டி மேலயே கீது. போட ஒரு நிமிசம் ஆவாது. ஹீட்டரு முள்ளத் திருப்ப அர நிமிசம் போதும். நான் கிட்டப் போனேன். கைய நீட்டி பொட்டலத்த எடுத்தேன். எடுத்துட்டு நின்னேன். மாமி கேட்டாங்களே, அது வாங்கிண்டது எங்க போகும்னு, அது காதுல கேட்டுச்சி. கண்டிசன் நம்பர் ஒண்ணு நான் எழுதுனதுதான். மயிலாப்பூருல போயி அவ்ளோ பேச்சு பேசுனவளும் நான்தான். பொட்டலத்த எங்கருந்து எடுத்தேனோ அங்கயே வெச்சேன். மீனுகிட்ட, மன்னிச்சிக்கோன்னு சொன்னேன். வாய் வுட்டே சொன்னேன். கதவப் பூட்டிக்கினு கீழ எறங்கிட்டேன்.

ஆஸ்பத்திரில அவரு பெஞ்சுல குந்திக்கினு டீ குடிச்சிக்கினு இருந்தாரு. வலது கைல கட்டு. துடிப்பு ஒயுங்காயிடுச்சி, ஒரு ராத்திரி வெச்சிருந்துட்டு அனுப்பிடுறோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்னைப் பாத்ததும் இவரு சிரிச்சிக்கினே, ஒண்ணும் இல்ல ரோஸி, கேரண்டின்னாரு. அந்தக் கட்டு போட்ட கையப் பாக்காம தோளு மேலயே நாலு அடி வெச்சேன். வெச்சிட்டு அங்கயே குந்தி அழுதேன். பக்கத்து பெஞ்சு அம்மா எனக்குத் தண்ணி குடுத்தாங்க.

மறுநாளு மத்தியானம் வூட்டுக்கு வந்தோம். மீனு மெதந்துக்கினு இருந்துச்சி. இவரு தொட்டிகிட்ட போயி குனிஞ்சி பாத்தாரு. இந்த மனுசன் ஆயிரம் செத்த மீனப் பாத்தவரு. மேல இருக்குற புள்ளியப் பாத்தாரு. தொட்டி மேல இருக்குற உப்புப் பொட்டலத்தப் பாத்தாரு. அப்பால என்னைப் பாத்தாரு.

"எப்ப படுத்துச்சி?"

"நான் பாக்கல" ன்னேன்.

அவரு இடது கையால மீன எடுத்து, பழக்கத்துல கவரத் தேடுனாரு. வேணாம்யா, ஃப்ரிட்ஜுல வெக்காதன்னேன். ரெண்டு பேரும் கீழ எறங்கி, பிளாக்குக்குப் பின்னால தண்ணித் தொட்டிகிட்ட ஒரு பள்ளம் தோண்டுனோம். அவருக்குக் கை முடியாது, நான்தான் தோண்டுனேன். மாடில இருந்து நாலு பேரு வேடிக்க பாத்தாங்க. எங்க ரெண்டு வம்சத்துலயும் மீனப் பொதைச்ச மொத ஆளுங்க நாங்கதான். எங்க மாமியாவுக்கு சேதி போயி, இன்னும் சொல்லிச் சொல்லி சிரிக்கிறாங்க.

அன்னிக்கு சாயங்காலம் நான் வேம்பு மாமிக்கு போன் பண்ணேன். ஏழு மாசத்துல நானா பண்றது அதான் மொத வாட்டி. 

"மாமி, மீனு போயிடுச்சி."

அந்தப் பக்கம் ஃபேன் சத்தம் மட்டும் வந்துச்சி.

"ஏசுராஜ் நன்னா இருக்கானோ?"

"நல்லா கீறாரு மாமி."

"அப்ப சரி" ன்னாங்க. ஒரு நாளு காபிக்கு வான்னாங்க. வர்றேன்னு சொன்னேன்.